சர்வேயர் பார்த்த சுவர்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே பினாயில் வாசனை அடித்தது. அந்த வீட்டில் அவள் கை படாமல் அந்த வாசனை வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஹாலில், கட்டிலில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை மடியிலேயே கிடந்தது. வாய் மட்டும் எதற்கும் மசியவில்லை.

"வாம்மா டாக்டரே. உன் புருஷன் வெளக்கமாறு புடிச்சதை இந்தக் கண்ணால பாத்துட்டேன். இனி கண்ணு போனாலும் கவலையில்ல."

அவருக்காகத்தான் வீட்டின் பின்பக்கம் கழிப்பறையோடு ஓர் அறை கட்ட ஆரம்பித்தார்கள். இருக்கிற ஒரே கழிப்பறை மாடியில். ஹாலில் திரை கட்டி, அதற்குப் பின்னால் வாளி வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். மருமகள் அந்த வாளியைத் தூக்குவதைப் பார்க்கக் கூசி, மனிதர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். மகள் வீட்டில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு முறை தூக்கிக்கொண்டுபோய் மேலே வைத்துவிட்டால் அப்புறம் அவருக்குத் தெரு கிடையாது. இங்கே இடது கையில் தடியை ஊன்றிக்கொண்டு முக்குக் கடைவரை போய், ஊர் வம்பையெல்லாம் அளந்துவிட்டு வருகிறார்.

"ரூம் முடிஞ்சா அப்பா அங்கேயே இருக்கட்டும் அண்ணி. இல்லன்னா நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அவள் பேச்சில் தப்புச் சொல்லவும் ஒன்றுமில்லை.

காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். இவரைவிடக் குறைவாகக் கேட்ட ஆள் இருந்தார். ஆனால் இவர் வேலைக்கு இன்சூரன்ஸ் உண்டு. கட்டினது கோணலாகி ஆளும் காணாமல் போனால், கம்பெனி வேறு ஆளை வைத்து முடித்துத் தரும். "கல்யாணத்துக்கே இன்சூரன்ஸ் எடுக்கல, ரூமுக்கு எடுக்கறாளாம்" என்று கணவன் அப்போது சிரித்தான்.

ஆனால் நடந்தது அதேதான். பழைய சுவரை உடைத்து, புது அறைக்குப் போகும் வழிக்கு மேலே ஓர் இரும்பு உத்தரம் வைத்திருந்தார்கள். போன வாரம் ஒரு மத்தியானம் அது ஒரு முனையில் நழுவி, புதுக் கூரையில் பாதியை இழுத்துக்கொண்டு கீழே வந்தது. நல்லவேளை, அடியில் யாருமில்லை. மறுநாள் காண்ட்ராக்டரின் போன் அணைந்திருந்தது, அலுவலகத்தில் பூட்டு. வாங்கிய கடனெல்லாம் அந்த அறையிலேயே போயிருந்தது. இனி கம்பெனி கட்டிக் கொடுத்தால்தான் அறை.

அவள் பின்பக்கம் போனாள்.

கல்லும் மண்ணும் மலையாகக் கிடந்த இடத்தில் தரை பளபளத்தது. உத்தரம் இல்லை. அதன் முனை உட்கார்ந்திருந்த சுவரின் பிளவு, வெடிப்பு எல்லாம் அடைக்கப்பட்டு, மேலே வெள்ளை அடித்து, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. கணவன் இமையெல்லாம் தூசியோடு நின்றான்.

"எப்படி? பெயிண்டரை வரச் சொன்னேன். லாரிக்காரன் ஒரே நடையில எல்லாத்தையும் அள்ளிட்டான். நீதானே காலைல போன்ல சொன்ன, இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றார், வீட்டைக் கொஞ்சம் பாக்கற மாதிரி வைங்கன்னு?"

சொன்னாள். நாற்காலிகளில் கிடந்த துணிகளை மனதில் வைத்துச் சொன்னாள்.

"உத்தரம் எங்க?"

"அதான் சொன்னேனே, லாரி."

அழைப்பு மணி அடித்தது.

சர்வேயர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். கையில் டார்ச், அளவு நாடா. பின்பக்கம் வந்து சுவரை வெகுநேரம் பார்த்தார். விரலால் தொட்டார், விரலில் வெள்ளை ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"உத்தரத்தோட முனை சுவத்து மேல ஒரு சாணாவது உக்காந்திருக்கணும் மேடம். அது கொஞ்சூண்டு உக்காந்திருந்தா அவர் வேலைல தப்பு, நாங்க பொறுப்பு. நல்லா உக்காந்தும் விழுந்திருந்தா உங்க பழைய சுவர்ல தப்பு. அது எங்களுது இல்ல. அதைத்தான் பாக்க வந்தேன்."

"போட்டோ இருக்கு சார்" என்றான் கணவன், அவசரமாக.

இருந்தது ஒன்றுதான். விழுந்த அன்று தன் தங்கை பயந்துவிடக் கூடாதென்று அவன் எடுத்து அனுப்பியது. படம் முழுக்க மாமனாரின் முகம். இடது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். காதோரம் கொஞ்சம் தூசி.

சர்வேயர் பெரிதாக்கிப் பார்த்தார். காதுதான் பெரிதானது.

"எதையும் தொடாதீங்கன்னு ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க" என்றாள்.

அதைக் கணவனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் வீட்டில் எதையும் தொட்டதில்லை.

"பார்த்ததைத்தான் என்னால எழுத முடியும். வேணும்னா மேலிடத்துக்கு எழுதிப் போட்டுக் கேளுங்க. ஆனா நம்பிக்கை வைக்காதீங்க மேடம்." தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏன்டி, திட்டவாவது செய்யேன்" என்றான் கணவன்.

அவளுக்குச் சாயங்காலத்துக்கு என்ன சமைப்பது என்றுதான் யோசனை ஓடியது. அவன் தோளிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?" என்றார் மாமனார்.

"பார்த்ததைத்தான் எழுதுவாராம் மாமா."

"என்னத்தைப் பார்த்தாரு?"

"சுவத்தை."

அவர் பின்பக்கம் பார்த்தார். கட்டிலிலிருந்து அந்த வெள்ளை தெரிந்தது.

"பரவாயில்ல, நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். இடது கையால் அவள் போனைக் காட்டி, "என் பொண்ணுக்கு ஒரு போனைப் போடும்மா" என்றார்.

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டுக் கேக்கலாம் மாமா. ஒரு மாசம்..."

"இன்னும் ஒரு மாசம் நீ அந்த வாளியைத் தூக்கறதைப் பாக்கணுமா நான்? போடும்மா."

அவள் நாத்தனாரின் எண்ணை அழுத்தி, போனை அவர் காதில் பிடித்தாள். மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது. எடுத்தார்கள்.

"ஆமாம்மா, நான்தான். அந்த நாலு மாடியும் தூக்க நல்ல ஆளாப் பாரு. மெலிஞ்சுதான் இருக்கேன், பயப்படாம வரச் சொல்லு" என்றார் அவர்.

நாத்தனார் ஏதேதோ கேட்டுக்கொண்டே போனாள். மருமகளுக்குக் கை வலித்தது. கையை மாற்றாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.