பழுது உங்கள் பக்கம்

அன்று லிஃப்ட் மெக்கானிக் சண்டைக்குத் தயாராகத்தான் போனை எடுத்தார். போன் கம்பெனியைக் கிழி கிழி என்று கிழிப்பதற்காகவே சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, மொட்டைமாடியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மகளுக்குப் போட்டால் ஒரே ஒரு மணி, அதோடு கட். எப்போது போட்டாலும் அதே கதை. வெட்டிப்பேச்சு மச்சானுக்குப் போட்டால் மட்டும் ஜோராகப் போகிறது.

லிஃப்ட் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால், பெரும்பாலும் மெஷினில் ஒன்றும் இருக்காது. மேலே எவரோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கதையளப்பார்கள். இது அவருக்கு அத்துப்படி. போன் விஷயத்தில் அந்த அறிவு எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று, தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டிருந்தார்: "உன்னாலதான் உங்கம்மா போய்ச் சேர்ந்தா." அப்போதே பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். கோபம் வடிந்ததும் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. 'நான் சொன்னது தப்பும்மா' என்ற ஒரே வாக்கியத்தை அவளிடம் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாழாய்ப்போன கம்பெனி குறுக்கே நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

கம்பெனிப் பெண்ணோ அவருக்குச் சண்டை போடவே இடம் கொடுக்கவில்லை. முழுவதையும் கேட்டாள், குறுக்கே பேசவில்லை, வேறு ஆளிடம் தள்ளிவிடவும் இல்லை. சிம்மைப் பார்த்தாள், டவரைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். நீங்க சொன்னா, அவங்க நம்பருக்கு எங்க லைன்லேருந்து ஒரு டெஸ்ட் கால் போடறேன். நீங்களும் லைன்லயே இருங்க."

"போடும்மா."

முழுசாக மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

மகளின் குரல்தான். மூக்கடைத்துக் கரகரத்தது. சின்ன வயதிலிருந்தே சளி வந்தால் அவளுக்கு லேசில் விடாது. அவர் வாயைத் திறந்தார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலே மூடிக்கொண்டார். தன் குரல் கேட்டால் கட் பண்ணிவிடுவாளே என்ற பயம்.

"போன் கம்பெனிங்க மேடம். லைன் டெஸ்ட் பண்றோம். தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க," என்றாள் கம்பெனிப் பெண்.

"பரவால்லைங்க. நல்லாவே கேக்குது."

முகம் தெரியாத ஒருத்தியிடம் எவ்வளவு தன்மையாகப் பேசுகிறாள் என்று நினைத்தார். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

மோட்டார் உறுமிவிட்டு நின்றது. கம்பெனி லைனில் போகிற மணி தன் போனில் போகவில்லை என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேம்மா. அவளுக்குச் சளி புடிச்சிருக்கு."

"ஆமா சார். எனக்கும் கேட்டுச்சு." தயங்கினாள். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமாம்மா? நான் பேச மாட்டேன்."

"அவங்களுக்குச் சந்தேகம் வந்துடும் சார். அப்புறம் எங்க நம்பரையும் எடுக்க மாட்டாங்க."

நியாயம்தான். அழுக்குத் துணியால் கண்ணைத் துடைத்தார், கிரீஸ் பட்டு இன்னும் எரிந்தது.

"அப்ப உங்க புகாரை முடிச்சுடட்டுமா சார்?"

"வேண்டாம்மா," என்றார் அவசரமாக. "முடிச்சுடாத. பழுது உங்க பக்கம்தான்னு போட்டு வை. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"போட்டுட்டேன் சார். பழுது எங்க பக்கம்தான். பாத்துக்கிட்டே இருக்கோம்."