கட்டையில ஒட்டுன பொட்டு

ஒரு பொட்டு கூட இல்ல! இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அந்த ஹார்மோனியத்துல வெறும் வெள்ளக் கட்டையும் கறுப்புக் கட்டையும்தான். அனுஷியா ரெண்டு தடவ தேடிப் பாத்துட்டா.

அவ படிக்கிற தேயிலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஹார்மோனியத்துல ‘ஸ’வுக்குச் செவப்புப் பொட்டு, ‘ரி’க்கு மஞ்ச, ‘க’வுக்குப் பச்ச. தாள்ல எழுத்தப் பாப்பா, பொட்டத் தேடி அமுக்குவா, வர்ற சத்தத்த அப்புடியே பாடுவா. அவ படிச்ச சங்கீதம் அவ்வளவுதான். இப்ப ஓ.எல் பரீட்சையோட சங்கீதப் பிரக்டிகலுக்கு மாத்தளை டவுன்ல பாய்ல உக்காந்திருக்கா. கையில இதுக்கு முன்ன பாக்காத ஸ்வர வரி.

இந்தப் பாடத்துக்கு அவங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவ இவ ஒருத்திதான். “இவ பெயிலானா சங்கீத பீரியட்டத் தூக்கிக் கணக்குக்குக் குடுத்துருவேன்”னு பிரின்சிபல் சேர் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாரு.

“என்னா புள்ள மொறைக்கிற? அது கடிக்காது”ன்னாங்க பரீட்சை எடுக்குற மேடம். “வேணும்னா வாசிச்சுக்கிட்டே பாடு.”

“பொட்டு இல்லயே மேடம்...”

“நெத்தியில இருக்கே!”

அனுஷியா கண்ண மூடிட்டா. மேடம் பக்கத்துல இருந்த சுருதிப்பெட்டி ‘ம்ம்ம்’னு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. அது கூடவே மெல்ல முனகுனா. கொஞ்ச நேரத்துல தொண்ட எது, பெட்டி எதுன்னே தெரியல. முனகல விடாம ஒவ்வொரு கட்டையா அமுக்குனா. ஒண்ணு சண்ட போட்டுச்சு. அடுத்ததும் சண்ட. அதுக்கடுத்தது வந்து அப்புடியே ஒட்டிக்கிச்சு.

அதுதான் ‘ஸ’! நெத்திப் பொட்டப் பிச்சு அந்தக் கட்டையில ஒட்டுனா.

வரி ‘ப’வுல ஆரம்பிச்சுச்சு. அத மொதல்ல பாடிட்டு, அப்புறம் அமுக்கிப் பாத்தா. அதே சத்தம்! அதுக்கப்புறம் கைய மடியில வச்சுட்டு மிச்ச வரியப் பாடி முடிச்சா.

மேடம் சுருதிய மேல ஏத்துனாங்க. “இப்ப பாடு.”

அனுஷியாவுக்குச் சிரிப்பே வந்துருச்சு. பொட்ட உரிச்சா, முனகுனா, தேடுனா, புதுக் கட்டையில ஒட்டுனா. அதே வரி இப்ப மேல நின்னு கணீர்னு கேட்டுச்சு.

“மார்க்ஸ நான் சொல்லக்கூடாது”ன்னு மேடம் சிரிச்சாங்க. “பயப்படாமப் போ. பொட்ட எடுத்துக்க.”

வெளிய கேட்டுப் பக்கத்துல தினுஷா டீச்சர் தண்ணிப் போத்தலோட நின்னாங்க. கம்பியூட்டர் படிச்சுக் குடுக்க வந்தவங்க. வேற ஆளில்லன்னு சங்கீதத்தையும் அவங்க தலையில கட்டிட்டாங்க. பள்ளிக்கூடத்து ஹார்மோனியத்துல பொட்டு ஒட்டுனது அவங்கதான். அவங்களும் பொட்டப் பாக்காம ஒரு நாளும் வாசிச்சதில்ல.

“அடியே, நெத்தி வெறுமையாக் கெடக்கு! பாடுனியா இல்லயா?”

“ரெண்டு தடவ பாடுனேன் டீச்சர்! ரெண்டு சுருதியில!”

டீச்சர் அவளக் கட்டிப்புடிச்சு ரோட்டுலயே குதிச்சாங்க. ஆட்டோக்காரரு ஹோர்ன் அடிச்சும் விடல. குதிச்சு முடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாங்க:

“அங்கயும் பொட்டு ஒட்டியிருந்தாங்களா? செவப்பு எந்தக் கட்டையில?”

அனுஷியா கையில இருந்த பொட்டத் திருப்பி நெத்தியில ஒட்டிக்கிட்டா. காதே போதும்னு இவங்ககிட்ட எப்புடிச் சொல்றது?