பொதுக் குளியல்

தோருன், மலப்பையின் பசைத்தட்டை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் அவளுடைய அக்கா ரக்னா, இரவு உடையை மார்புவரை சுருட்டிப் பிடித்தபடி கூரையைப் பார்த்திருந்தாள். பெருங்குடலை வெட்டியபோது, மலம் வெளியேற மருத்துவர்கள் வயிற்றில் திறந்துவிட்ட வாய் ஈரமாகச் சிவந்திருந்தது. சுற்றியிருந்த தோலை வெறும் வெதுவெதுப்பான நீரால் துடைத்து, ஒற்றி உலர்த்தியாகிவிட்டது. சோப்பு பட்டால் பசை பிடிக்காது.

"நல்லா அழுத்து. தண்ணில கழண்டுச்சுன்னா வெந்நீர்த் தொட்டில இருக்கறவங்க எல்லாம் எந்திரிச்சு ஓடுவாங்க."

"ஓடட்டும். நமக்குக் கால நீட்ட எடம் கெடைக்கும்."

ரக்னா சிரிக்கவில்லை. "அது இல்ல தோருன். பாத்துட்டு, பாக்காத மாதிரி இருப்பாங்க பாரு. அதத்தான் என்னால தாங்க முடியாது."

வாழ்நாளெல்லாம் விடிந்ததும் ஊர் நீச்சல் குளத்துக்குப் போனவள் அவள். புற்றுநோய் வந்தபின் ஒருநாளும் போகவில்லை. அங்கே நீரில் இறங்குமுன் பெண்களின் பொதுக் குளியலறையில் எல்லோரோடும் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். அதற்கு அஞ்சித்தான் போகாமல் இருந்தாள். வீட்டுக்கு வரும் செவிலி, ஆசைப்பட்டது எதையும் இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இன்று காலை ரக்னாவே கேட்டாள்: "என்னக் கூட்டிட்டுப் போறியா?"

நீச்சல் குளத்தின் குளியலறையில் ரக்னாவின் சக்கர நாற்காலியைக் கண்டதும் குன்னா எழுந்து வந்தாள். எல்லோரும் ஒழுங்காகக் குளிக்கிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. சோப்புப் போடாமல் நழுவப் பார்த்த ஒரு பிஷப்பின் மனைவியையே திருப்பி அனுப்பியவள் என்று பெயர்.

"ஓரத்துல திரை போட்ட எடம் இருக்கு" என்றாள், தாழ்ந்த குரலில்.

ரக்னா அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேண்டாம். எப்பவும் நிக்கிற எடத்துலயே."

பெண்கள் விலகி இடம் விட்டார்கள். பேச்சு நின்றுபோனது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் சுவரையே பார்த்து நின்றார்கள். தோருன் அக்காவின் எலும்பெடுத்த தோள்களிலும் அக்குளிலும் அவசரமாக நுரை தேய்த்தாள். கூட்டி வந்தது தப்போ என்று தோன்றியது.

"ரக்னா!" குன்னா இடுப்பில் கைவைத்து நின்றாள். கழுவ வேண்டிய இடங்களுக்குச் சிவப்புப் பூசிய சுவர்ப் படத்தைக் காட்டினாள். "தலையும் கழுவணும்."

கீமோவுக்குப் பின் ரக்னாவின் தலையில் ஒரு முடிகூட இல்லை. தோருனுக்கு முகம் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் ரக்னா முந்திக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"மத்தவங்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்."

ரக்னா பையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். பக்கத்தில் நின்றவள் தன் ஷாம்பூவை நீட்டினாள். "இதப் போடு. சுருட்ட முடிக்கு ரொம்ப நல்லது." பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

வெளியே, ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டியில், கிழட்டு மீனவன் ஹவ்குர் புருவத்தை உயர்த்தினான். "எங்க போயிருந்த? செத்துட்டியோன்னு நெனச்சோம்."

"ஒன்கிட்ட சொல்லாமலா போவேன்?"

அதன்பின் காட் மீன் விலையையும், சாலையில் பனியள்ளாத நகராட்சியையும் திட்டினார்கள். ரக்னாவும் சேர்ந்து திட்டினாள். பொடிப்பனி அவள் தலைமேல் விழுந்து கரைந்தது. போதும் என்று அவளே சொல்லும்வரை தோருன் எழவில்லை.

வீட்டில் ரக்னா இரண்டு கரண்டி தயிர் சாப்பிட்டாள். தோருன் அவள் குதிகால்களில் களிம்பு தடவினாள்.

"அந்தக் குன்னா மாறவே இல்ல" என்றாள் ரக்னா, கண்களை மூடிக்கொண்டு.

"பேசாம தூங்கு."

மதியத்துக்குமேல் மூச்சுகளுக்கு இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. தோருன் கையைப் பிடித்தபடி அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை நிறுத்தினாள்.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்துவிட்டு, முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள் தோருன். வெப்பக் குழாயின்மேல் இரண்டு நீச்சலுடைகள் தொங்கின. அவளுடையது காய்ந்திருந்தது. ரக்னாவுடையதில், பையைத் தாங்குவதற்காக உள்ளே தைத்த இரட்டைத் துணி இன்னும் ஈரம். அதை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, நீவிவிட்டு, மறுபடி காயப்போட்டாள்.