எந்தக் கால்

"கால் கனமா இருக்கு," என்றார் என் கணவர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இளைக்க வைங்க," என்றேன், துணி மடித்துக்கொண்டே.

"சொல்றது சுலபம்," என்று சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் எழுத்துரு வரைபவர். தலைப்புகளுக்கென்று ஒரு பெண்கள் பத்திரிகை கேட்டிருந்தது: இறங்கும் கோடு பட்டையாக, படுக்கும் கோடு தலைமுடி போல மெல்லிசாக, முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம். பெரிதாக அச்சிட்டால் மை தீட்டிய கண் மாதிரி இருக்கும். பொடியாகப் போட்டால் மெல்லிய கோடுகள் காணாமல் போய், எழுத்து துண்டு துண்டாகிவிடும். 'கா', 'தா' எழுத்துகளில் வரும் துணைக்கால்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மெலிந்தால் பரிதாபமாக நின்றது. தடித்தால் பக்கத்து எழுத்தை மிதித்தது.

வீட்டில் எந்நேரமும் கால், கொம்பு, சுழி என்றே பேச்சு. "என்ன அண்ணி, வீட்டுக்குள்ள மாடு வளர்க்கிறீங்களா?" என்பாள் என் நாத்தனார்.

மறுநாள் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பிறகு எழவில்லை.

"கால்ல கட்டின ரத்தம் நெஞ்சுக்கு ஏறியிருக்கும்மா," என்றார் டாக்டர். "கால் வலி, வீக்கம்னு ஏதாவது சொன்னாரா?"

"கனமா இருக்குன்னார். எந்தக் கால்னு தெரியலை."

"வலதா, இடதா?"

"அதில்லை டாக்டர்..." அதற்கு மேல் எப்படி விளக்குவது?

நாத்தனார் என்னைத் திட்டவில்லை. "அண்ணன் எதைத்தான் நேரா சொல்லியிருக்கார்!" என்று மூக்கைச் சிந்தினாள்.

மீதி வேலையை முடிக்க அவருடைய கூட்டாளி வந்தார். நீளமான எந்த வாக்கியத்தையும் முடிக்காதவர் என்பதால் என் கணவர் அவருக்கு வைத்த பெயர் அரைப்புள்ளி. எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

"விழறதுக்கு முந்தின நாள் கால் கனமா இருக்குன்னார், இளைக்க வைங்கன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் துணைக்கால்ல கை வச்சாரா, பாருங்களேன்."

பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். "வச்சிருக்கார் அண்ணி. இளைக்க வச்சிருக்கார். அப்புறம் பழையபடியே ஆக்கிட்டார்."

"அப்போ எழுத்தைத்தான் சொன்னாரா?"

"இருக்கலாம். இல்லேன்னா, நீங்க இளைக்க வைங்கன்னு சொன்னதைக் கேட்டு, சும்மா செஞ்சு பார்ப்போமேன்னு..."

வழக்கம்போல முடிக்கவில்லை. நானும் எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒரு மாதிரி முடிகிறது, மறுநாள் வேறு மாதிரி. அவர் சிரித்தாரே, அது எதற்குச் சிரித்தது? வலிக்கிற காலோடு ஒருவர் அப்படிச் சிரிப்பாரா? சிரிப்பார். அவர் சிரிப்பார்.

எழுத்துரு வெளிவந்துவிட்டது. பத்திரிகையில் மட்டுமில்லை, வாசனைத் திரவியப் புட்டியிலும் நகைக்கடைப் பலகையிலும் பார்க்கிறேன். எங்கே பார்த்தாலும் என் கண் துணைக்காலுக்குத்தான் போகிறது.

அன்று இருந்த அதே தடிமன். ஒரு மயிரிழைகூட இளைக்கவில்லை.