மிமி என்று ஒரு நோட்டு

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்வதையெல்லாம் ஆளுக்கொரு நோட்டாகக் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும் என்று பிரின்சிபால் மேடம் சொன்னபோது, டீச்சர்கள் நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். சுப்ரியா மட்டும் சரி என்று தலையாட்டினாள். கொல்கத்தாவின் பெஹாலாவில் உள்ள எங்கள் பள்ளியில் தமிழ்க்கார டீச்சர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் இரண்டாம் வகுப்பு, அவள் ஒன்றாம் வகுப்பு. தமிழர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் வங்காளத்தில்தான் திட்டுவாள். என்னைக் கூப்பிடுவதும் அக்கா என்றல்ல, தீதி என்றுதான்.

குறிப்பெழுதும் ஆப் ஒன்றில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நோட்டு திறந்தாள். எழுதியதைப் பிள்ளையே டேப்லெட்டில் போட்டோ எடுக்க வேண்டும். மைக்கை அழுத்தி, என்ன செய்தோம் என்று தன் வாயால் சொல்லிச் சேர்க்க வேண்டும். டீச்சர் கை வைக்கக் கூடாது. எவ்வளவு மோசமாக வந்தாலும் எந்தப் பக்கத்தையும் அழிக்கக் கூடாது. ஆறு வயதுக் குழந்தைகளை ஆபீஸ் கிளார்க் ஆக்குகிறாயா என்று நான் கேலி செய்தேன். துர்கா பூஜை லீவு வருவதற்குள் அந்த வாண்டுகள் என்னைவிட நன்றாக டேப்லெட்டைக் கையாண்டன.

ஒரே ஒரு நோட்டு மட்டும் காலியாகக் கிடந்தது. அது அனந்தலக்ஷ்மியுடையது. அப்பா பட்டாபிராமன் மத்திய அரசு அதிகாரி, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்கவில்லை. சுப்ரியா தமிழில் கொஞ்சிப் பார்த்தும் பலிக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று மேடம் சொல்ல, அப்பாவும் போனில் ஒத்துக்கொண்டுவிட்டார். சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

சுப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவளுக்கு எல்லாம் தெரியும் கோமதி தீதி. கண்ணப் பாத்தாலே தெரியறது. ஆனா காமிக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள் என்னிடம்.

வெள்ளிக்கிழமை மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக் கடைசிக்காக நோட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரில் ஒரு நோட்டு இருந்தது: மிமி. யாரோ விளையாட்டுக்குத் திறந்தது, அழித்துவிடுங்கள் என்று கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் அதற்கு முன்பே சொல்லியிருந்தானாம். இவள்தான் அழிக்காதவள் ஆயிற்றே. திறந்தாள். நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரல், "கீழாத்து மாஷி மூணு மீன் கழுவினா. பூனை ஒண்ணத் தூக்கிண்டு போயிடுத்து. மீதி ரெண்டு" என்றது. பக்கத்தில் மூன்று மீன் படம், ஒன்றின் மேல் கோடு. வகுப்பில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ஒருத்திதான்.

உடனே அனந்தலக்ஷ்மியின் அம்மாவுக்குப் போன் போட்டாள். அனந்தலக்ஷ்மி என்ற பெயர், அப்பாவைப் பெற்ற பாட்டியுடையது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. ஆகவே வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மாஷி என்று குழந்தை கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் மிமி என்று வைத்த செல்லப்பெயரே நிலைத்துவிட்டது. திரையில் இருந்த ஆங்கில எழுத்தில் இருந்த அந்த நீளமான பெயர் தன்னுடையது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. தனக்கு எழுதத் தெரிந்த பெயரில் தானே ஒரு நோட்டைத் திறந்து, வருஷம் முழுக்க மூலையில் உட்கார்ந்து அதனோடு பேசியிருக்கிறது.

சனிக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். மேடம் பதிவேட்டைப் புரட்டி, இந்தப் பெயரே இதில் இல்லையே என்றார். சுப்ரியா வாதாடவில்லை. முதல் பக்கத்திலிருந்து போட்டாள்.

முதல் பக்கத்தில் பேச்சே இல்லை. மின்விசிறிச் சத்தமும் குழந்தையின் மூச்சும்தான். அடுத்ததில் ஒரே ஒரு சொல், அதுவும் கிசுகிசுப்பாக. பூஜைக்குப் பிறகு வாக்கியங்கள் வந்தன. கடைசிப் பக்கத்தில் ஆங்கிலப் பாடத்தில் வரும் நரிக் கதை ஒன்றை முழுசாகப் படித்துவிட்டு, நரி செய்தது தப்பு என்று தமிழில் தீர்ப்பும் சொன்னாள். வேறு யாராவது டீச்சராக இருந்தால் அந்தப் பேச்சில்லாத பக்கங்களை முதல் நாளே குப்பையில் போட்டிருப்பார்கள், நான் உள்பட. சுப்ரியாவை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பி, இவளை உன் வகுப்பில் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டார். இன்றைக்கே அனுப்புங்கள் என்றேன்.

பட்டாபிராமன் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. "அந்த மொதல் பக்கத்த இன்னொரு தரம் போடறேளா?" என்றார்.

அதில் ஒன்றும் இல்லையே சார் என்றாள் சுப்ரியா.

"பரவால்ல. பேச முடியாம மூச்சு விடறாளே, அதக் கேக்கணும்."

சுப்ரியா போட்டாள். அவர் டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேடமே எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.