ஆறு தட்டில் லூரீன் கேட்ஸ்

பெட்டி வந்த அன்று லூரீன் முடி சுருட்டிக்கொள்ளப் போயிருந்தாள். தபால் வண்டிக்காரன் வாசலில் இறக்கிவிட்டுப் போனதை டெல்பர்ட்தான் உள்ளே தூக்கி வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. டிராக்டர் பாட்டரி கனம் கனத்தது. சமையலறை மேஜையில் வைத்து, பேனாக்கத்தியால் அட்டையைக் கிழித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேலட்டையில் அவருடைய மனைவி இருந்தாள். இருபது வயது. குஞ்சம் தொங்கும் சட்டை, கழுத்தில் மாட்டிய கிட்டார். கால்களை அகட்டி நின்று, வாயை முழுக்கத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பியானோ முன்னால் ஒருவன். அவன் கைகள் கட்டைகளின் மேல் இருந்தன. கண் மட்டும் அவள் மேல் இருந்தது. பார்த்த பார்வையில் அப்படி ஒரு சிரிப்பு.

டெல்பர்ட் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெல்வயலில் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கப் போனார். தண்ணீர் காலையிலிருந்தே ஒழுங்காகத்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

லூரீன் கேட்ஸ் என்ற பெயரில் அவள் மேடையில் பாடியது சில வருஷங்கள்தான். ராக் அண்ட் ரோல் என்ற பெயரே புதிதாக இருந்த காலம் அது. ஆர்கன்சா நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கூடங்களில் பாடினாள். பள்ளிக்கூட விளையாட்டரங்குகளில் பாடினாள். திறந்தவெளித் திரையரங்கில் படம் தொடங்குவதற்கு முன்னால், தின்பண்டக் கடையின் கூரை மேல் ஏறி நின்றுகூடப் பாடியிருக்கிறாள். ஒரே ஒரு பாட்டு மட்டும் தெற்கத்தி வானொலிகளில் ஒரு கோடை முழுக்க ஓடியது. ஒரு பெண் இப்படிக் கத்தலாமா என்று ஓர் ஊர்ப் பாதிரியார் பிரசங்கமே செய்தார். அடுத்த வாரம் அந்த ஊரில் அவள் கச்சேரிக்கு நிற்க இடமில்லை. அப்புறம் டெல்பர்ட் டாக்கெட்டைக் கல்யாணம் செய்துகொண்டு டாட்சன் என்ற சின்ன ஊருக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகள், நெல், சோயா, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை என்று முப்பத்தைந்து வருஷம் ஓடிப்போயிற்று.

போன வருஷம் டீட்டர் என்றொரு ஜெர்மன்காரன் வந்து அந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தான். அவள் குரல் பதிவான ஒவ்வொரு நாடாவையும், வெளிவந்தது, வராமல் கிடந்தது, பாதியில் நின்றது எல்லாவற்றையும், ஒரே பெட்டியில் ஆறு சிடித் தட்டுகளாகப் போடப் போவதாகச் சொன்னான். டெல்பர்ட்டுக்கு அவனைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. இதை எவன் வாங்குவான் என்று நினைத்துக்கொண்டார்.

லூரீன் வந்து பெட்டியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஐயோ, இந்தச் சட்டை அக்குள்ல எப்படி அரிக்கும் தெரியுமா!" என்றாள். அதோடு எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

"போட்டுக் கேக்கலையா?" என்றார் டெல்பர்ட்.

"நான் பாடினதை நானே எதுக்குக் கேக்கணும்? பட்டாணி உரிக்கணும், வா."

டெல்பர்ட் கேட்டார். செவ்வாய்க்கிழமைகளில் அவள் தேவாலயத்துப் பெண்களோடு போர்வை தைக்கப் போய்விடுவாள். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மகள் வாங்கிக் கொடுத்த சிடி கருவியில் ஒவ்வொன்றாகப் போட்டார். பாட்டுகள் அவரை ஒன்றும் செய்யவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்ததுதான் ஆளைக் கொன்றது. அந்த ஜெர்மன்காரன் எதையும் வெட்டாமல் விட்டிருந்தான். தொண்டையைச் செருமுவது, நாற்காலி நகர்வது, பேச்சு எல்லாம் அப்படியே இருந்தன.

"லூ, இந்தத் தடவை என் பக்கம் திரும்பாதே. நான் கட்டையைத் தவறவிட்டுடறேன்." இது அந்தப் பியானோக்காரன், ஆர்லிஸ் ப்ரூயெட்.

"நீ மொதல்ல முறைக்கறதை நிறுத்துடா." இது லூரீன்.

அதற்கப்புறம் அவள் சிரித்தாள்.

லூ என்று அவளை யாரும் கூப்பிட்டு டெல்பர்ட் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பையும் கேட்டதில்லை. அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் உடைந்து, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கிளம்பும் சிரிப்பு. வீட்டில் அவள் சிரிக்காதவள் இல்லை. ஆனால் வீட்டுச் சிரிப்பு வேறு. அது உதட்டோடு நின்றுவிடும். டெல்பர்ட் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டார், புண்ணைச் சொறிகிற மாதிரி.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவர் ஒரு நகைச்சுவை சொன்னார். கழுதையை வாங்கிய போதகர் கதை. கையை எல்லாம் ஆட்டி, கழுதை மாதிரி கத்திக்கூடக் காட்டினார். லூரீன் முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டெல்பர்ட், வயித்துக்கு ஏதாவது பண்ணுதா?"

பெட்டியோடு ஒரு பெரிய புத்தகமும் இருந்தது. அவள் வாழ்க்கையும் படங்களும். அதில் தன் பெயரைத் தேடினார். ஆர்லிஸ் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. டிரம் அடித்தவன், வண்டி ஓட்டியவன், கஞ்சி போட்டுச் சட்டை தேய்த்துக் கொடுத்தவள் வரைக்கும் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி: 'அந்த ஆண்டு ஒரு விவசாயியை மணந்து இசையுலகை விட்டு விலகினார்.'

அந்த வரி ஊருக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. கெளுத்தி மீன் வறுவல் கடையில் அவருடைய பக்கத்து நிலத்துக்காரர் ஹூபர்ட் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"வாப்பா, ஒரு விவசாயி! என்ன சாப்பிடறே?"

"வாயை மூடுறா."

"ஜெர்மனி வரைக்கும் பேர் போயிடுச்சு உனக்கு. பேர்தான் என்னன்னு எவனுக்கும் தெரியல."

கடையே சிரித்தது. காபி ஊற்றுகிற பெண்கூடத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். டெல்பர்ட் மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அந்த வாரம்தான் தொலைபேசி அடித்தது. லூரீன் தோட்டத்தில் இருந்தாள்.

"லூ இருக்காளா?" நாடாவில் கேட்ட அதே குரல்; கொஞ்சம் மணல் கலந்திருந்தது.

"அப்படி யாரும் இங்க இல்ல," என்று சொல்லி டெல்பர்ட் வைத்துவிட்டார். இந்த வயதில் இப்படி ஒரு காரியம் செய்ததில் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் அவன் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை லூரீனே எடுத்தாள். பேசி முடித்துவிட்டு வந்து, டெல்பர்ட் எதிரில் நின்றாள்.

"டாட்சன் பள்ளிக்கூட அரங்குல சனிக்கிழமை எனக்கு ஒரு கச்சேரி வெக்கறாங்களாம். ஆர்லிஸ் வாசிக்க வரான். வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்கதான் சாப்பாடு."

"சரி."

"நேத்து எவனோ ஒரு முட்டாள் போனை எடுத்தானாம். நம்பர் தப்புன்னு நெனச்சானாம்."

டெல்பர்ட் செய்தித்தாளில் சோயா விலையைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் டெல்பர்ட் மனதில் ஆர்லிஸ் வழுக்கையாகி, பல் போய், தடி ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தான். வந்தவனோ நிமிர்ந்து வந்தான். பேத்தி ஒருத்தி காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். இளஞ்சிவப்புச் சட்டை, கறுப்பாகச் சாயமேற்றி மேலே தூக்கி வாரிய முடி. ஒரு கண் மட்டும் மங்கியிருந்தது. டெல்பர்ட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான்.

"கொடுத்து வெச்சவரு நீங்க. சொல்லிட்டேன், ஆமா."

அவன் பீன்ஸ் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். சோள ரொட்டியை மோரில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். எதைத் தொட்டாலும் புகழ்ந்தான். அவனை வெறுப்பதற்கு டெல்பர்ட் ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது, பட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் அவன் கூடத்துக்குப் போய், பிள்ளைகள் கற்றுக்கொண்ட பழைய பியானோவைத் திறந்தான். ஒரு கட்டை வேலை செய்யவில்லை. அதைத் தாண்டித் தாண்டி இடது கை ஓட ஆரம்பித்தது. தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த லூரீன் துணியோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். முதல் வரியை மெதுவாகத்தான் பாடினாள். இரண்டாவது வரியில் துணி தோளுக்குப் போயிற்று. குரல் முன்னைவிடத் தடித்து, கீழே இறங்கியிருந்தது. தேவாலயத்தில் இரண்டாம் வரிசையில் நிற்கிறவளுக்கு இந்தக் குரல் எங்கே இருந்தது என்று டெல்பர்ட்டுக்குப் புரியவில்லை. பாட்டின் நடுவில் ஆர்லிஸ் அந்தச் செத்த கட்டையை அடித்துவிட்டான். 'டொக்' என்றது. லூரீன் சிரித்தாள்.

அதே சிரிப்பு.

டெல்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனார்.

தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தடியில் நின்று, இறுக்கமாக இருந்த திருகாணியை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார். வரப்பில் லூரீன் வந்தாள். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்கு வந்தவனை விட்டுட்டு இங்க என்ன பண்றே?"

டெல்பர்ட் திரும்பவில்லை. "உனக்கும் அவனுக்கும் நடுவுல ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு கோடைக்காலம். டெக்சாஸ்ல ஒருத்தியை வேற வெச்சிருந்தான். தெரிஞ்சதும் கிட்டார் பெட்டியால முழங்கால்ல ஒண்ணு போட்டேன். அதோட சரி."

"அதோட சரின்னா அந்தச் சிரிப்பு?"

"எந்தச் சிரிப்பு?"

"நாலாவது தட்டுல இருக்கே. இப்ப உள்ள சிரிச்சியே, அது."

லூரீன் கையைப் புருவத்திலிருந்து எடுத்தாள். "எனக்குத் தெரியாம உக்காந்து கேட்டியா?"

"காசு கொடுத்தா ஊரே கேக்குது. நான் கேக்கக் கூடாதா?"

அவள் வரப்பிலேயே உட்கார்ந்தாள். "பாட்டு கூடி வரும்போது அப்படி வரும் டெல்பர்ட். எனக்கே மறந்துபோச்சு."

"என்கூட ஒரு நாள்கூட வரலையே."

"நம்ம கல்யாணமான வருஷம் மெம்ஃபிஸ்ல இருந்து பாடக் கூப்பிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? போகட்டுமான்னு உன்னைக் கேட்டேன்."

"நான் போகாதேன்னு சொல்லவே இல்ல."

"இல்ல. 'உன் இஷ்டம்'னே. சொல்லிட்டு கொட்டகைல போய் உக்காந்துகிட்டே. சாப்பிடக் கூப்பிட்டா பசிக்கலன்னே. நான் போகலன்னு சொன்னதும் வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டே." அவள் குரல் உயரவில்லை. "போகாதேன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். போட்டு ஜெயிச்சிருப்பேன்."

டெல்பர்ட்டுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. தான் பெருந்தன்மையாக நடந்துகொண்ட நாள் என்றுதான் இத்தனை காலம் அதை வைத்திருந்தார்.

"செப்டம்பர்ல மிசௌரியில ரெண்டு ஊர்ல பாடறேன், அப்புறம் துல்சா," என்றாள் லூரீன். "ஆர்லிஸ் கேட்டான். சரின்னுட்டேன். இந்தத் தடவை உன்னைக் கேக்கல. சொல்றேன்."

'உன் இஷ்டம்' என்பது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. டெல்பர்ட் அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"யாரு வண்டி ஓட்டறது?"

"நான்தான். அவனுக்கு ஒரு கண்ணு தெரியல."

"அவ்வளவு தூரமும் நீயும் அவனுமா?"

"வேற யாரு வருவா?"

"நான் ஓட்டறேன்."

லூரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அறுப்பு நேரமாச்சே."

"ஹூபர்ட் பாத்துக்குவான். பேசற வாய்க்குக் கொஞ்சம் வேலையும் செய்யட்டும்."

சனிக்கிழமை பள்ளிக்கூட அரங்கு நிரம்பி வழிந்தது. ஊர்க்காரர்கள் பாதி, மீதி எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள். முடியை மேலே தூக்கி வாரி, கால்சட்டை ஓரத்தை மடித்து விட்டவர்கள். பலர் கையில் அந்தப் பெட்டி இருந்தது. லூரீன் மேடைக்கு வந்ததும் டெல்பர்ட்டுக்கு ஒரு வரிகூட நினைவில் நிற்காத பாட்டுகளை அவர்கள் வரி பிசகாமல் கூடவே பாடினார்கள். அவர் பின்சுவரில் சாய்ந்து, அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு நின்றார். இதுவரைக்கும் ஒருவன் மேல் இருந்த எரிச்சல் இப்போது அரங்கம் முழுக்கப் பரவியது. அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள், அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் கண்ணை எடுக்கவில்லை. அவள் நன்றாகப் பாடினாள். அதைச் சொல்ல அவருக்கு இசை தெரிய வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பையன் கைப்பையைக் கவனித்தான். "நீங்க அவங்களுக்கு வேண்டியவரா?"

"புருஷன்."

பையன் கண் விரிந்தது. டெல்பர்ட் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"அப்ப ஆர்லிஸ் ப்ரூயெட்கிட்ட எனக்கு ஒரு கையெழுத்து வாங்கித் தருவீங்களா, சார்?"

வாங்கித் தந்தார்.

செப்டம்பரில் மூவரும் மிசௌரிக்குப் போனார்கள். பிக்கப் வண்டியின் முன்னிருக்கை ஒரே பலகைதான். டெல்பர்ட் ஸ்டியரிங்கில், லூரீன் நடுவில், ஆர்லிஸ் ஜன்னலோரம். வழியெல்லாம் அவர்கள் பழைய மதுக்கூடங்களைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். டெல்பர்ட் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். சில கதைகள் அவருக்கும் சிரிப்பை வரவழைத்தன. இருமி மறைத்துக்கொண்டார். துல்சா முடிந்து கான்சஸிலிருந்தும் கூப்பிட்டார்கள். அதற்கும் அவரே ஓட்டினார். பியானோ நாற்காலி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், லூரீனுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது.

ஒவ்வோர் ஊரிலும் விடுதிக்குள் முதலில் நுழைந்து அறை எடுப்பதும் அவர்தான். அவருக்கும் லூரீனுக்கும் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஆர்லிஸுக்குக் கட்டடத்தின் அந்தக் கோடியில், ஐஸ் இயந்திரம் இரைகிற இடத்தைத் தாண்டி. இரண்டாவது ஊரிலேயே லூரீனுக்கு இது புரிந்துவிட்டது. ஆர்லிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த நீளத் தாழ்வாரத்தில் நடந்து போவதைப் பார்ப்பாள், டெல்பர்ட்டைப் பார்ப்பாள். அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக் கதவைத் திறப்பாள்.