ஒரு துணைக்கால் கூடுதல்

எங்கள் வீடு செங்கல்லின் மேல் நிற்கவில்லை, ஒரு துணைக்காலின் மேல் நிற்கிறது. மாடி, மாடிக்கு மேல் இன்னொரு மாடி, வாசலில் கார், கூடம் முழுக்க என் வீட்டுக்காரர் வாங்கிக் குவித்த கேடயங்கள், எல்லாம் அந்தத் துணைக்கால் போட்ட பிச்சை. தூசி தட்டுகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

அவர் அப்போது மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சரித்திரம் எழுதுவார். பாவம், முதல் புத்தகத்தில் பொய் என்பதே கிடையாது. அதனாலேயே அதை யாராலும் படிக்கவும் முடியவில்லை. அதில் ஒரு வரி, 'மன்னன் பெரும் படையோடு ஆற்றைக் கடந்தான்' என்று இருந்தது. அச்சாகி வந்தபோது ப-வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் முளைத்திருந்தது. மன்னன் பெரும் பாடையோடு ஆற்றைக் கடந்திருந்தான்.

"ஐயையோ, மானம் போச்சே! போருக்குப் போறவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பதிப்பாளர் அலட்டிக்கொள்ளவில்லை. "விடுங்க சார், யாரு படிக்கப்போறாங்க?" என்றார்.

ஒருத்தி படித்துத் தொலைத்தாள். டிவியில் காலை நிகழ்ச்சி நடத்துகிற பெண். யாரோ வர வேண்டியவர் வரவில்லை என்று இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவள் புத்தகத்தைப் புரட்டி, "சார், மன்னன் எதுக்குப் பாடையோட போனான்?" என்று கேட்டாள். நான் வீட்டில் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு, "அச்சுப்பிழைன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினேன். அவர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கதாம்மா அந்த மன்னனோட பெருமையே இருக்கு," என்றார். "போருக்குக் கிளம்பும்போதே தன்னோட பாடையைக் கட்டித் தூக்கிட்டுப் போனவன் அவன் ஒருத்தன்தான். ஜெயிச்சா நடந்து வருவேன், தோத்தா இதுல வருவேன்னு ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டுப் போனான்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

அன்றைக்குப் பிடித்தது யோகம். இரண்டாவது புத்தகத்தில் பாடைக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தார். மூங்கில் எந்தக் காட்டில் வெட்டியது, கயிறு திரித்தது யார், தூக்கிய நால்வரின் குணாதிசயம் என்ன, எல்லாம் எழுதினார். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டும் என்பார்கள்; அந்த விஷயத்தில் மனுஷனுக்கு இருந்த திறமையை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னொரு சரித்திர ஆசிரியர், பாடை மூங்கில் அல்ல, தேக்கு என்று மறுப்பு நூல் எழுதினார். மூங்கில்காரர்களும் தேக்குக்காரர்களும் ஒரு மாநாட்டில் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். பாடையே கிடையாதே என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று? மாநாட்டுக்குப் போயிற்று.

எனக்கு ஒரே ஒரு நஷ்டம். மனம்விட்டு ஒருத்தரைத் திட்ட முடியாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் குப்பை கொட்டியபோது, "நீ பாடையில போக!" என்று வயிறெரிந்து சொன்னேன். "அவ்வளவு பெரிய வார்த்தைக்கெல்லாம் நான் தகுதியாம்மா?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஒரே மகள். மூக்கு அவருடையது, வாய் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். வகுப்பில் நின்றுவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது. அந்த வேலையைத் தவிர உலகத்தில் வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. இந்த வருஷம் வந்த புதுப் பாடப்புத்தகத்தில் பாடை மன்னர் ஒரு பாடமாகவே ஏறி உட்கார்ந்துகொண்டார். பரீட்சையில் கேள்வி: மன்னன் எதனோடு ஆற்றைக் கடந்தான்? வகுப்பே 'பாடை' என்று எழுதியது. என் மகள் வகுப்பு மொத்தத்துக்கும் சுழி போட்டு, 'ப-வுக்குத் துணைக்கால் வராது' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பெற்றோர்கள் பள்ளிக்கூடத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். தாளாளர் அவளைக் கூப்பிட்டு, "உங்கப்பாவே வந்து அது பிழைன்னு சொல்லட்டும். இல்லைன்னா நீ வேற வேலை பாத்துக்கம்மா," என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இப்பப் போய் அச்சுப்பிழைன்னு சொன்னா, என் மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அதை யாரும் கேக்கலை," என்றேன். "பொண்ணு வேலை போகப்போகுது. அது தெரியுதா உங்களுக்கு?"

"ரெண்டு விதமாவும் பாடம் உண்டுன்னு சொல்லிப் பாக்கட்டுமா?"

"சொல்லிப் பாருங்க. அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்குச் சாப்பாடு உண்டு, இல்லைன்னு ரெண்டு விதமாவும் பாடம் இருக்கும்."

மகள் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்தத் தட்டு அவரை என்னவோ செய்துவிட்டது. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, "வா, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்," என்றார். கட்டிய நாளிலிருந்து அவரை அவ்வளவு பிடித்ததில்லை எனக்கு.

தாளாளர் அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் தாளாளர், தலைமை ஆசிரியை, பெற்றோர் சார்பில் ஒரு வக்கீல். இவரைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். இவர் உட்காராமலே சொல்லிவிட்டார்.

"அது அச்சுப்பிழைங்க. நான் எழுதினது படை. பாடைன்னு ஒண்ணு இல்லவே இல்லை. டிவியில கேட்டாங்க, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் நிறுத்தத் தெரியலை. என் பொண்ணு போட்ட சுழி சரி."

அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டேன். தாளாளர் மெதுவாகச் சிரித்தார்.

"பெத்த பாசம்," என்றார். "பொண்ணுக்காகத் தன்னோட வாழ்நாள் ஆராய்ச்சியையே பொய்ங்கிறார் பாருங்க. எவ்வளவு பெரிய மனசு!"

"இல்லைங்க, சத்தியமாச் சொல்றேன்..."

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க சொன்னாப் போதுமா சார்? ஆதாரம் வேணாமா? கையெழுத்துப் பிரதி இருக்கா?"

கையெழுத்துப் பிரதி அச்சகத்தோடு போயிற்று. அச்சகம் பதிப்பாளரோடு போயிற்று. இவர் கையை விரித்தார்.

தலைமை ஆசிரியை இவருடைய புத்தகத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். "எங்ககிட்ட ஆதாரம் இருக்கு சார். மூங்கில் வெட்டின காடு, கயிறு திரிச்ச ஆள் பேரு, எல்லாம் நீங்களே எழுதியிருக்கீங்க. இவ்வளவும் இல்லாத ஒண்ணுக்கா எழுதுவீங்க?"

அவர் அந்தப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

வயதான தகப்பனை வற்புறுத்திப் பொய் சொல்லவைத்தாள் என்று ஒரு குற்றத்தையும் சேர்த்து, மகளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். இவருக்கு மட்டும் காபி வந்தது.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகள் மடியில் அவளுடைய புத்தகங்களும் ஒரு சாக்பீஸ் டப்பாவும். உள்ளே ஏதோ வகுப்பில் பிள்ளைகள் பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஆதாரம் கேட்ட முதல் ஆளு அந்த வக்கீல்தான்," என்றார் அவர்.

"இல்லைப்பா," என்றாள் மகள். "நான் கேட்டிருக்கேன். அஞ்சாவது படிக்கும்போது. கயிறு திரிச்சவர் பேரு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்னு கேட்டேன். நீங்க சிரிச்சுட்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்தீங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"நல்ல மிட்டாய்ப்பா அது," என்றாள். "அதுக்கப்புறம் நானும் கேக்கலை."